படத்தின் அளவையும் கணக்கின் அலகும்

பூகோளப் பாடத்தில் மாணவர்களை நெடுங்காலமாக மயக்கி வரும் சொல் ஒன்று உண்டு. ‘அளவை’ என்பதே அது. ‘பெரிய அளவைப் படம் ஒன்றைக் காட்டு’ என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகளுள் பெரும்பாலோர் சுவரில் தொங்கும் உலகப் படத்தையே சுட்டுவர். உலகம் பெரிது; ஆகவே அதனைக் காட்டும் படமும் பெரிய அளவைப் படம் என்பது அவர்கள் கருத்து. உண்மையோ இதற்கு நேர்மாறானது. நிலத்தின் தூரத்தைப் படம் எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறது என்பதே அளவை. சுருக்கம் குறைந்தால் அளவை பெரிது; சுருக்கம் மிகுந்தால் அளவை சிறிது. உலகம் முழுவதையும் ஒரு தாளில் அடக்கும் படம் மிகச் சிறிய அளவைப் படமாகும். முற்காலத்தில் கிராமக் கர்ணம் தம் கட்டில் வைத்திருந்த கிராமப் படத்தில் ஒரு மைல் 16 அங்குலமாக விரிந்திருக்கும்; கிணறும் வாய்க்காலும் வயலின் எல்லையும் அதில் தெரியும். அதுதான் பெரிய அளவைப் படம்.

படத்துக்கு அளவை எப்படியோ, புள்ளிவிவரத்துக்கு அலகு அப்படி. மக்களை எண்ணுகையில் வீடு வீடாக எண்ணுகிறோம். எண்ணியதை வெளியிடுகையில் கிராமம், வட்டம், மாவட்டம், மாநிலம் என்று தொகுத்து வெளியிடுகிறோம். ஒவ்வொரு படி ஏறும்போதும் பார்வை விரிகிறது. விரியும்போதே ஏதோ ஒன்று கண்ணுக்கு மறைகிறது. மறைவது இன்னதென்று அறியாதவன் மாவட்டத்தின் கணக்கைக் கொண்டு ஒரு வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிடுவான். இதனை இலக்கணம் போலச் சூத்திரமாகச் சொல்லிப் பயனில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் இலண்டன் மாநகரில் நடந்த வரலாறு ஒன்றைச் சொல்கிறேன். அங்கு ஓர் அறிஞர் நகரைப் பகுதி பகுதியாக எண்ணினார்; மற்றோர் அறிஞர் வீடு வீடாக எண்ணினார். இருவரும் எண்ணியது ஒரே நோயின் சாவுகளைத்தான். கண்ட முடிவுகள் வேறாயின.

அந்த நோய் வாந்திபேதி. 1817ஆம் ஆண்டு வங்காளத்தில் பெருகிப் பல நாடுகளிலும் பரவிய அக்கொடிய காலரா, 1831இல் இங்கிலாந்தின் கரையை அடைந்தது. அது இரண்டாம் முறை பரவிய 1848, 1849 ஆகிய ஆண்டுகளில் இலண்டனில் மட்டும் ஏறக்குறைய 14,000 பேர் மாண்டனர். நோய்க்குக் காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. அழுகிய பொருள்களிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் எழும் நச்சாவியே அதனைப் பரப்புகிறது என்று மருத்துவருள் பெரும்பாலோர் நம்பினர். அன்றைய இலண்டனின் நாற்றத்தைக் கருதினால் அந்நம்பிக்கை வியப்புக்குரியதன்று.

இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டு முதல் பிறப்பையும் இறப்பையும் அரசாங்கமே பதிவு செய்யத் தொடங்கிற்று. அப்பதிவுகளைத் தொகுத்து ஆராயும் பணியில் அமர்ந்தவர் வில்லியம் ஃபார் என்பவர். எண்களை அவரைப் போல நேசித்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. 1849ஆம் ஆண்டுக் காலராவைப் பற்றி 1852இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் இலண்டனின் 38 பதிவுப் பகுதிகளையும் பலவாறு ஒப்பிட்டார். மக்கள் நெருக்கம், வீட்டு வாடகை மதிப்பு, குடிநீர் எனப் பலவற்றையும் சாவோடு சேர்த்துப் பார்த்தார். அவற்றுள் எல்லாவற்றினும் தெளிவாக அவருக்குப் புலப்பட்டது நிலத்தின் உயரமே. தேம்ஸ் ஆற்றின் உயர்நீர் மட்டத்துக்கு மேல் 20 அடிக்குட்பட்ட பகுதிகளில் பதினாயிரம் பேருக்கு 102 பேர் இறந்தனர். 20 முதல் 40 அடி வரை உள்ள பகுதிகளில் அது 65 ஆயிற்று. 40 முதல் 60 அடி வரை 34. இவ்வாறு படிப்படியாக இறங்கி, ஏறக்குறைய 350 அடி உயரத்தில் இருந்த ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பத்துக்கும் கீழே போயிற்று. உயரம் ஏற ஏறச் சாவு குறைகிறது! ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் நச்சாவி செறிந்து நிற்கும், மேட்டில் கலைந்துவிடும் என்னும் கொள்கைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

மாணவர்களே, ஃபாரின் அட்டவணையைப் பார்த்து நகைத்துவிடாதீர்கள். அதில் பொய் எண் ஒன்றும் இல்லை. கூட்டலில் பிழையும் இல்லை. 38 பகுதிகள் என்ற அலகில் நின்று பார்ப்பவருக்கு அந்த ஒழுங்கு உண்மையிலேயே தெரிந்தது. ஆனால் ஒரு பகுதி என்பது பல்லாயிரம் மக்கள். அவர்கள் அனைவரும் ஓர் உயரத்தில் வாழ்ந்தனர் என்று கொள்வதே ஒரு சராசரி; அவர்கள் அனைவருக்கும் ஒரே சாவு விகிதம் என்பது மற்றொரு சராசரி. இரு சராசரிகள் கைகோத்து நடப்பதைக் கண்டு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட்டார். தாழ்ந்த பகுதிகளில் வாழ்ந்தோர் தாழ்வான நிலத்தில் வாழ்ந்ததோடு, பெரும்பாலும் நகரின் கழிவு கலந்த ஆற்று நீரையும் குடித்தனர் என்பது அந்த அலகில் தனியே பிரிந்து தெரியவில்லை.

இனி மற்றவரைப் பார்ப்போம். டாக்டர் ஜான் ஸ்னோ 1813இல் யார்க் நகரில் ஓர் எளிய தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். மயக்க மருந்து கொடுப்பதில் வல்லவர். 1853இல் விக்டோரியா அரசியாரின் பிள்ளைப்பேற்றின்போது குளோரபாரம் கொடுத்தவர் அவரே. காலரா குடலைத் தாக்கும் நோயாதலின் அதன் நஞ்சு வாய்வழியே, குடிநீரின் மூலமே புக வேண்டும் என்று 1849ஆம் ஆண்டிலேயே சிறுநூல் ஒன்று எழுதினார். மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. சான்று போதவில்லை என்பது அவர்கள் கூற்று. அதுவும் ஓரளவு உண்மையே.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு, இலண்டனின் சோஹோ வட்டாரத்தில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா திடீரென வெடித்தது. அத்தெருவும் கேம்பிரிட்ஜ் தெருவும் கூடும் இடத்திலிருந்து 250 கஜ தூரத்துக்குள், பத்து நாள்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் நோய்க்குப் பலியாயினர். ஸ்னோ அண்டையில் வாழ்ந்தவர். பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று, அவ்வாரம் பதிவான 83 சாவுகளின் வீட்டு முகவரிகளைப் பெற்றார். அம்முகவரிகளோடு தெருவில் இறங்கி நடந்தார். ஏறக்குறைய எல்லாச் சாவுகளும் பிராட் தெருவின் அடிபம்புக்கு அருகிலேயே நிகழ்ந்திருந்தன. பத்துச் சாவுகள் மட்டுமே வேறு பம்புக்கு அருகான வீடுகளில் நேர்ந்தவை. அவற்றிலும் ஐந்து குடும்பத்தார், தாங்கள் எப்போதும் பிராட் தெருவுக்கே ஆள் அனுப்பி நீர் எடுப்பதாகக் கூறினர். வேறு மூவர் அந்தப் பம்பின் அருகிலுள்ள பள்ளிக்குப் போய்வந்த குழந்தைகள்.

பின்னர் அவர் வெளியிட்ட படத்தின் அளவை, மைலுக்கு 30 அங்குலம். ஒரு மைலில் 63,360 அங்குலம் உண்டாதலின், இது 2,112இல் ஒரு பங்கு. படத்தின் ஓர் அங்குலம் நிலத்தில் 176 அடி. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும், அவ்வீட்டில் இறந்தோருக்கு ஆளுக்கொரு கறுப்புக் கோடாக அடுக்கினார், பம்புகளையும் குறித்தார். இந்த அளவையின் சிறப்பை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நான் மேலே சொன்ன 250 கஜ ஆரமுள்ள வட்டம் இப்படத்தில் எட்டரை அங்குல அகலம் கொள்ளும். ஒரு தாள் நிறையும். மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் படத்திலோ அவ்வட்டம் முழுவதும் ஒரு பட்டாணியின் அளவே ஆகும். ஐந்நூறு உயிரும், தெருவும், பம்பும் அந்தப் பட்டாணிக்குள் அடங்கிவிடும். நாட்டுப் படத்திலோ ஊசிமுனைக்கும் இடமில்லை.

ஆனால் பெரிய அளவை ஒன்றே விடை தந்துவிடும் என்றும் எண்ண வேண்டா. அதே வட்டாரத்தை அதே காலத்தில் சாக்கடை ஆணையத்தின் பொறியாளர் எட்மண்ட் கூப்பர் என்பவரும் வீடு வீடாகச் சாவைக் குறித்துப் படமாக வரைந்தார். அவர் கேட்ட கேள்வி சாக்கடையைப் பற்றியது. ஆகவே சாக்கடை குற்றமற்றது என்னும் விடையே அவருக்குக் கிடைத்தது. பம்பைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, படம் சொல்லவும் இல்லை.

மேலும், நச்சாவிக் கொள்கையினர் ஸ்னோவின் படத்தையே தம் பக்கம் இழுக்கக் கூடும். ‘பம்பைச் சுற்றிச் சாவு குவிந்திருக்கிறது, அங்கே கெட்ட காற்றும் குவிந்திருக்கலாமே’ என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்கு ஸ்னோ விதிவிலக்குகளைத் தேடினார். அவருடைய உண்மைத் திறமை படம் வரைந்ததில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தனர், ஐவரே இறந்தனர். அவ்விடுதிக்குத் தனிக் கிணறு உண்டு. பிராட் தெருவிலேயே இருந்த பீர் வடிசாலையில் எழுபது தொழிலாளருக்கு மேல் வேலை செய்தனர், ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் பம்பு நீரைக் குடிப்பதில்லை. துப்பாக்கிக்கு வேண்டிய வெடிமூடிகள் செய்த தொழிற்சாலையிலோ அப்பம்பு நீரைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தனர். அங்கு 18 பேர் மாண்டனர். எல்லாரும் சுவாசித்தது ஒரே காற்று!

எல்லாவற்றினும் அரிய சான்று அந்தப் படத்தின் தாளிலேயே இல்லை. ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் விதவை மூதாட்டி ஒருவர் செப்டம்பர் 2ஆம் நாள் காலராவால் இறந்தார். ஃபாரின் அட்டவணையில் மிக உயர்ந்து, மிகக் காப்பாக நின்ற பகுதி அது என்பதை நினைவு கூருங்கள். அவர் பல மாதங்களாகச் சோஹோ பக்கமே வந்ததில்லை. ஆனால் பிராட் தெருப் பம்பின் நீர் சுவையானது என்று நாள்தோறும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்து வந்தார். அவரைக் காண வந்த உறவுப் பெண்ணும் அந்நீரைக் குடித்துவிட்டு, இஸ்லிங்டனில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பி இறந்தார். அவ்விரு இடங்களிலும் அப்போது காலரா இல்லை. பெரிய அளவைப் படத்தின் குறை இங்கே தெரிகிறது. விளக்கம் மிகுந்த அளவுக்கு அதன் பரப்புச் சுருங்கும். தாளின் ஓரத்தோடு உலகம் முடிந்துவிட்டதாகக் கொண்டிருந்தால், ஸ்னோ அந்த மூதாட்டியைத் தேடிப் போயிருக்கமாட்டார்.

செப்டம்பர் 7ஆம் நாள் மாலை ஸ்னோ ஊர்க் காப்பாளர் குழுவினரிடம் தம் கருத்தைக் கூறினார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. உடனே நோய் நின்றது என்று பல நூல்களில் எழுதியிருக்கும். அது சரியன்று. மக்கள் பயந்து ஓடிவிட்டமையால் சாவு முன்னரே குறையத் தொடங்கியிருந்தது. ஸ்னோவே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். கைப்பிடிக் கதை அழகானது. சான்று என்ற வகையில் அதற்கு வலிவு குறைவு.

வலிவுள்ள சான்று தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே கிடைத்தது. தென் இலண்டனுக்கு இரு கம்பெனிகள் குழாய் நீர் கொடுத்து வந்தன. சௌத்வார்க் வாக்ஸால் கம்பெனி, நகரின் கழிவு விழும் பாட்டர்சீ என்னுமிடத்திலேயே ஆற்று நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரேற்றும் இடத்தை ஆற்றின் மேற்பகுதியில், கழிவு எட்டாத தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிக்கொண்டது. 1853ஆம் ஆண்டுக் காலராச் சாவுகளைப் பகுதியினும் சிறிய உட்பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தபோது ஸ்னோவுக்கு வெளிச்சம் தோன்றிற்று. முதல் கம்பெனியின் நீர் மட்டும் சென்ற உட்பகுதிகளில் இலட்சம் பேருக்கு 114 பேர் இறந்தனர். இரு கம்பெனியின் நீரும் கலந்து சென்ற உட்பகுதிகளில் 60 பேர். லாம்பெத் நீர் மட்டும் சென்ற உட்பகுதிகளில் ஒருவரும் இல்லை.

அலகு சிறுத்தவுடன் தண்ணீர் தலைகாட்டிற்று. ஆயினும் ஐயம் தீரவில்லை. லாம்பெத் நீர் மட்டும் சென்ற மூன்று உட்பகுதிகளும் நகரின் வெளிப்புறத்தில், மக்கள் நெருக்கமின்றி இருந்தவை. காற்றும் நல்ல காற்று என்று எதிர்ப்போர் கூறலாம். கலந்த பகுதிகளில் வந்த 60 என்னும் எண்ணையோ எப்படிக் கொள்வது? அப்பகுதிகளில் மூன்று இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். இரு கம்பெனிகளும் போட்டியிட்ட காலத்தில் ஒரே தெருவில் இரு குழாய்களும் பதிக்கப்பட்டன. ஒரு வீட்டார் இதனையும் அடுத்த வீட்டார் அதனையும் ஏற்றனர். செல்வரும் வறியரும் இரு பக்கத்திலும் உண்டு. ஆகவே அந்த 60 எந்த வீட்டுக்கும் உரியதன்று. நல்ல நீர் குடித்தவனையும் கெட்ட நீர் குடித்தவனையும் கூட்டி வகுத்ததால் பிறந்த எண் அது. ஆனால் அந்தக் கலப்பே ஸ்னோவுக்குக் கிடைத்த பேறு. தெரு ஒன்று, காற்று ஒன்று, நிலத்தின் உயரம் ஒன்று. தண்ணீர் மட்டும் இரண்டு. எந்தச் சோதனைச்சாலையிலும் மூன்று இலட்சம் பேரை வைத்து இப்படியொரு சோதனை அமைக்க முடியாது.

1854இல் காலரா மீண்டபோது அவர் வீடு வீடாக ஏறினார். கென்னிங்டன் வட்டாரத்தில் முதலில் விசாரித்த 44 சாவுகளில் 38, சௌத்வார்க் வாக்ஸால் நீர் குடித்த வீடுகளில். நான்கே லாம்பெத் வீடுகளில். இரண்டு வீட்டுக் கிணற்று நீர். ஒரு தொல்லை இருந்தது. வாடகைக்கு இருப்போருக்குத் தம் வீட்டுத் தண்ணீர் எந்தக் கம்பெனியுடையது என்பது தெரியாது; தண்ணீர் வரி கட்டுபவர் வீட்டுக்காரரே. பாட்டர்சீ நீரில் கடல் ஏற்றத்தாலும் கழிவாலும் உப்பு மிகுதி. லாம்பெத் நீரைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு. ஆகவே ஸ்னோ ஒவ்வொரு வீட்டிலும் சிறிது நீர் வாங்கிச் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டினார். வெண்ணிறமாகத் திரண்டால் அது சௌத்வார்க் வாக்ஸால் நீர். பள்ளிச் சோதனைச்சாலையில் நீங்கள் செய்யும் அதே சோதனை!

அவ்வாண்டு நோய் பரவிய முதல் ஏழு வாரங்களின் கணக்கு இது. சௌத்வார்க் வாக்ஸால் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 சாவு. பதினாயிரம் வீட்டுக்கு 315. லாம்பெத் கம்பெனியின் 26,107 வீடுகளில் 98 சாவு. பதினாயிரம் வீட்டுக்கு 37. எட்டு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. இதிலும் ஒரு நுட்பமான குறை உண்டு. கல்லூரி மாணவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். சாவுகளை ஸ்னோ வீட்டு அலகில் எண்ணினார். வீடுகளின் தொகையோ அவருக்குக் கம்பெனி வாரியாக மொத்தமாகத்தான் கிடைத்தது. கலந்த உட்பகுதிகளில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை வீடு என்னும் விவரம் அப்போது அவர் கைக்கு எட்டவில்லை. பின்னத்தின் மேலெண் ஓர் அலகிலும் கீழெண் வேறோர் அலகிலும் நின்றன. இன்றும் ஆராய்ச்சியாளர் இடறும் இடம் இது.

ஃபார் பொறாமை கொண்டவரல்லர். ஸ்னோவின் முதல் எண்களைக் கண்டவுடனேயே, தென் இலண்டனில் காலராவால் சாவு நேரும் வீட்டின் தண்ணீர் எந்தக் கம்பெனியுடையது என்பதையும் எழுதி அனுப்புமாறு பதிவாளர்களுக்குப் பணித்தார். ஸ்னோவுக்கு முகவரிகளைக் கொடுத்ததும் அவர் வளர்த்த அலுவலகமே. பகுதிவாரிச் சராசரியை அச்சிட்டாலும், அதன் அடியில் வீட்டு முகவரியை அழிக்காமல் காத்து வைத்திருந்தது அது. அவ்வாறு காத்திராவிடின் ஸ்னோ நடந்து பயனில்லை. சோஹோவின் இளம் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் என்பவரும் ஸ்னோவின் கருத்தை மறுக்கவே வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கி, அதனை உறுதிப்படுத்துவதில் முடித்தார். பம்புக்கு அருகான 40ஆம் எண் வீட்டில் முதலில் நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் மலக்குழியில் கொட்டப்பட்டதைக் கண்டறிந்தவர் அவரே. 1855இல் தோண்டிப் பார்த்தபோது, அக்குழி கிணற்றுக்குச் சில அடி தூரத்தில் கசிந்துகொண்டிருந்தது.

இத்தகைய மயக்கம் இலண்டனோடு ஒழிந்துவிடவில்லை. அமெரிக்காவில் ராபின்சன் என்னும் சமூகவியலறிஞர் 1930ஆம் ஆண்டு மக்கள் கணக்கை எடுத்துக்கொண்டு, 1950இல் ஒரு கட்டுரை எழுதினார். நாட்டை ஒன்பது பெரும்பிரிவுகளாகக் கொண்டு பார்த்தபோதும் 48 மாநிலங்களாகக் கொண்டு பார்த்தபோதும், வெளிநாட்டில் பிறந்து குடியேறியோர் மிகுந்த இடத்தில் எழுத்தறியாதோர் குறைவாக இருந்தனர். ஆள் ஆளாகப் பார்த்தபோதோ, குடியேறியோரிடையேதான் எழுத்தறியாமை சற்று மிகுந்திருந்தது. காரணம், அவர்கள் கல்வி மிகுந்த மாநிலங்களை நாடிச் சென்று குடியேறியிருந்தனர் என்பதே. மாநிலத்தின் இயல்பை மனிதன்மேல் ஏற்றினால், கணக்கின் குறியே கூட்டலிலிருந்து கழித்தலாக மாறிவிடும்!

இலண்டன் கதைக்குத் திரும்புவோம். ஸ்னோ 1858இல், தம் 45ஆம் வயதில் காலமானார். அதுவரையில் அதிகாரிகள் அவர் கொள்கையை ஏற்கவில்லை. 1866இல் காலரா மீண்டும் வந்தது. இலண்டனில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஃபார் அப்போதும் அதே அலுவலகத்தில் இருந்தார். இம்முறை அவர் நகரத்தின் பகுதிகளை உயரத்தின் வரிசையில் மட்டும் நிறுத்திப் பார்க்கவில்லை. எந்தக் கம்பெனியின் குழாய் எங்கே செல்கிறது என்று பிரித்து அடுக்கினார். சாவுகளுள் பெரும்பாலானவை நகரின் கிழக்கே ஒரே கம்பெனியின் எல்லைக்குள் விழுந்தன. அக்கம்பெனி முதலில் மறுத்தது. பிறகு, மூடாத குளத்திலிருந்த வடிகட்டாத நீர் குழாய்களில் புகுந்தது விசாரணையில் வெளிப்பட்டது.